பாதி சாப்பிட்டால் பாதி ஊசி

"அக்காவுக்கு மணி ஆறரை ஆச்சுன்னா பூனை கூப்பிடும்." மாணவர் தோழர்கள் மத்தியில் இப்படி ஒரு கேலி ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். கூட்டம் பாதியில் இருக்கும்போது பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவரைக் கேலி செய்யாமல் வேறு யாரைச் செய்வார்கள்? ஆனால் போன மாதம் ஒரு தம்பி கேலியாக இல்லாமல் உண்மையாகவே கேட்டார்: "மனுசனுக்கே மருந்து கிடைக்காத ஊர்ல பூனைக்கு இன்சுலினா, தோழர்?" கேள்வி நியாயமானது. அவருக்கு அன்று பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே ஏதோ சொன்னேன். அது போதாது. இன்னொரு காரணமும் உண்டு. விடுதியிலும் வாடகை அறையிலும் தெருப் பூனைகளுக்குச் சோறு வைத்து வளர்க்கிற பிள்ளைகள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தப் பூனைக்கும் வயதாகும், நோய் வரும். அப்போது இதைப் படித்தது உதவலாம்.

எங்கள் வீட்டுப் பூனை பெயர் கருப்பன். ஆண், குடும்பக்கட்டுப்பாடு செய்தது, ஒன்பது வயது. நீரிழிவு வருகிற பூனைகளின் பட்டியலில் முதலில் நிற்பவன் இவன்தான்: ஆண், கருத்தடை செய்தது, வயதானது, குண்டு. ஆறு கிலோவுக்கு மேல் இருந்தவன் நாலே முக்கால் கிலோவுக்கு இறங்கினான். பசி குறையவில்லை, தண்ணீர் குண்டான் ஒரு நாளில் காலியானது. அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கிறது. அதனால் டாக்டருக்கு முன்பே அம்மா சொல்லிவிட்டார்: "இவனுக்கும் என் நோய்தான் கண்ணு." ரத்தம் பார்த்ததில் அப்படியே இருந்தது.

அம்மாவுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். 2021ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் அது. எங்கள் தெருவில் பல வயதானவர்கள் அதனால்தான் மாத்திரையை விடாமல் போடுகிறார்கள். பூனைக்கு இன்சுலின் என்றதும் ஒருவர் யோசனை சொன்னார்: "அம்மா பேர்ல பெரியாஸ்பத்திரியில எழுதி வாங்கிக்கலாமே." மாட்டேன் என்று சொன்னேன். அங்கே உள்ள மருந்து வரிசையில் நிற்கிற இன்னொரு மனிதருக்கானது. கருப்பனுக்குக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். அந்தத் தம்பியின் கேள்விக்கு என் பதிலில் ஒரு பகுதி இது. மனிதர்களுக்கு மருந்து கிடைக்காததற்கு எங்கள் வீட்டுப் பூனை காரணம் இல்லை. அதற்குக் காரணமானவர்களோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், மாலை ஆறரை மணி வரைக்கும்.

இன்சுலின் யாருடைய உடம்பில் முதலில் சோதிக்கப்பட்டது என்றும் யோசித்துப் பாருங்கள். 1921இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களை வைத்துத்தான் அதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது போடப்பட்டது. விலங்குகளிடம் வாங்கிய கடன் அது. அண்ணல் அம்பேத்கரும் நீரிழிவோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர். 1948இல் அவரை மணந்த மருத்துவர் சவிதா அம்மையார்தான் கடைசி ஆண்டுகளில் அவருடைய மருந்தையும் சாப்பாட்டையும் நேரம் தவறாமல் பார்த்துக்கொண்டார். நேரம் பார்த்து ஊசி போடுவது, தட்டில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது எல்லாம் எந்த வரலாற்றிலும் பெரிதாக எழுதப்படாத வேலை. எங்கள் வீட்டில் அதைச் செய்வதில் பாதி நான், பாதி அம்மா.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கருப்பனுக்கு கிளார்ஜின் என்ற இன்சுலின், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, காலை ஏழு, இரவு ஏழு, இரண்டு யூனிட். மனிதர்களுக்கு விற்கிற அதே மருந்து. ஒரு மில்லியில் நூறு யூனிட் உள்ள சரக்கு. ஆனால் நம் ஊர் மெடிக்கல் கடைகளில் சாதாரண இன்சுலின் பாட்டில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட்தான். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கு ஆரஞ்சு மூடி. கடைக்காரர் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார். நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இரண்டு என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டல்ல, ஐந்து. நான்கே முக்கால் கிலோ உடம்புக்கு ஐந்து யூனிட் உயிருக்கே ஆபத்து. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மீதிக் கட்டுரையைப் படிக்காமல் போனாலும் எனக்கு வருத்தமில்லை.

வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தேதி, ஊசிக்கு முன் சர்க்கரை, எவ்வளவு சாப்பிட்டான், எத்தனை யூனிட், யார் போட்டது. காது ஓரத்தில் ஊசியால் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அம்மாவின் மெஷினிலேயே பார்க்கிறோம். மனிதருக்கான மெஷின் பூனையின் ரத்தத்தில் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதனால் ஒரு தனி எண்ணை நம்பாமல், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். நோட்டின் முதல் பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது: முழுதாகச் சாப்பிட்டால் வழக்கமான அளவு. பாதி சாப்பிட்டால் பாதி ஊசி. சாப்பிடவே இல்லை என்றால் ஊசி போடும் முன் போன். வாந்தி, சோர்வு என்றால் போனும் வேண்டாம், தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இது கருப்பனுக்காக அவனைப் பார்த்த டாக்டர் சொன்னது. உங்கள் பூனைக்கு உங்கள் டாக்டரிடம் கேட்டு, நல்ல நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதற்றத்தில் யாருக்கும் மூளை வேலை செய்யாது.

ஒரு வெள்ளிக்கிழமை அது தேவைப்பட்டது. பகலில் அவன் ஐந்தாறு முறை மணல் டப்பில் ஏறி இறங்கியதை அம்மா கவனித்திருந்தார். உட்கார்ந்து முக்குகிறான், இரண்டு சொட்டு, எழுந்து போகிறான், மறுபடி வருகிறான். சாயங்காலம் சமையலறை ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு. ஏழு மணிக்கு சர்க்கரை 412. முந்தைய வாரம் முழுக்க இருநூறுக்குப் பக்கத்தில் இருந்த எண் அது. தட்டில் பாதிக் கோழி அப்படியே கிடந்தது.

ஆண் பூனை முக்குகிறது என்றால் முதல் கேள்வி சர்க்கரை இல்லை. சிறுநீர் வருகிறதா, அடைத்துவிட்டதா? ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகல். அடைத்துவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறி, பொட்டாசியம் கூடி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். ஒரு சொட்டும் வராமல் கத்துகிறது, அடிவயிற்றில் கெட்டியாக உருண்டை மாதிரி தட்டுப்படுகிறது என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. எந்த நேரமானாலும், எவ்வளவு தூரமானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கருப்பனுக்குச் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. வயிறு மெத்தென்று இருந்தது. மூச்சு விட்டோம்.

அடுத்தது 412. எங்கள் டாக்டரின் போன் எடுக்கப்படவில்லை. இரவில் திறந்திருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போன் போட்டேன். எண்ணைச் சொன்னதும் மறுமுனையில் பதில் தயாராக இருந்தது: "நாலு யூனிட்டா போட்டுருங்க." சாப்பிட்டானா, வாந்தி எடுத்தானா, சிறுநீர் போகிறானா, எதையும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனும் அதையேதான் சொன்னார். இருபது வருட சர்க்கரை நோயாளி அவர். "நானூறுல விட்டா எப்படிம்மா? ஏத்திப் போடு."

நான் ஏற்றவில்லை. நோட்டின் முதல் பக்கம் சொன்னபடி ஒரு யூனிட் போட்டேன்.

ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை. உடம்புக்குள் தொற்று வரும்போது கார்டிசால், அட்ரினலின், குளுகோகான் போன்றவை கூடுகின்றன. இவை எல்லாம் இன்சுலினுக்கு எதிர்த் திசையில் இழுப்பவை. கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுகிறது, நேற்று வேலை செய்த அதே இரண்டு யூனிட் இன்று பத்தாததுபோல் தெரிகிறது. எண் ஏறியதற்குக் காரணம் மருந்து குறைவு இல்லை, தொற்று. அதே நேரத்தில் பூனை சாப்பிடுவதைக் குறைத்துவிடுகிறது. சாப்பாடு உள்ளே போகாத உடம்பில் இரண்டு மடங்கு இன்சுலினை இறக்கினால், நள்ளிரவில் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நானூறு ஒரு ராத்திரியில் பூனையைக் கொல்வது அரிது. முப்பது கொல்லும்.

அதற்காக ஊசியை அடியோடு நிறுத்துவதும் ஆபத்து. இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் கீட்டோன் என்ற அமிலம் சேரும். தொற்று இருக்கிற நேரத்தில் அது இன்னும் வேகமாகச் சேரும். வாந்தி, துவண்டு கிடப்பது, மூச்சில் ஒரு மாதிரி பழ வாசனை என்றால் அது மருத்துவமனையில் சொட்டு மருந்து ஏற்றிப் பார்க்க வேண்டிய நிலை. நல்ல வேளையாகச் சிறுநீரில் கீட்டோன் பார்க்கிற பட்டை மெடிக்கலில் கிடைக்கிறது. பூனையிடம் சிறுநீர் பிடிப்பது எப்படி என்று கேட்பீர்கள். அம்மா பழைய குழிக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு டப்புக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம். அவன் உட்கார்ந்ததும் பின்பக்கமாக நைசாக நீட்டினார். பட்டையை நனைக்கிற அளவுக்குக் கிடைத்தது. நிறம் மாறவில்லை. கீட்டோன் இல்லை. அந்தக் கரண்டி இப்போது நோட்டோடு சேர்த்துத் தனியாக ஆணியில் தொங்குகிறது, சமையலறையில் யாரும் எடுத்துவிடக் கூடாது என்று.

இரவு பதினொன்றுக்கு 360. இரண்டு மணிக்கு 345. தூங்கினோம்.

மறுநாள் காலை வேப்பேரி. அங்கே உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. அதன் மருத்துவமனை வரிசையில் ஆடு வைத்திருப்பவரும் நிற்பார், விலை உயர்ந்த நாய் வைத்திருப்பவரும் நிற்பார். இந்த நகரத்தில் அப்படிப்பட்ட வரிசைகள் ரொம்பக் கம்மி என்பதால் எனக்கு அந்த இடம் பிடிக்கும். கருப்பனை மீன் கூடையில் துணி கட்டி எடுத்துப் போனோம். அங்கே எடுத்த சர்க்கரை 470. டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயத்தில் பூனைக்குச் சர்க்கரை சட்டென்று ஏறும், நோயே இல்லாத பூனைக்குக்கூட. அவர் நோட்டைத்தான் புரட்டினார். "வீட்ல எடுத்த நம்பர்தான் எனக்கு வேணும். அளவை ஏத்தாம விட்டீங்க, நல்லது."

இதுவரை நான் 'தொற்று' என்று எழுதி வந்தது சந்தேகம்தான். பூனை அடிக்கடி முக்குவதற்கு எல்லா நேரமும் கிருமி காரணம் இல்லை. காரணமே பிடிபடாத பை அழற்சியும், கல்லும்கூட இப்படித்தான் காட்டும். நடுவயதுப் பூனைகளில் கிருமி குறைவுதான். ஆனால் நீரிழிவு இருந்தால் கணக்கு மாறும். சிறுநீரில் சர்க்கரை வழிகிறது, கிருமிக்கு அது பந்தி. அதனால் மாத்திரை கொடுப்பதற்கு முன் சிறுநீர் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மணல் டப்பில் விழுந்ததோ கரண்டியில் பிடித்ததோ இதற்கு ஆகாது, வெளிக் கிருமி கலந்துவிடும். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிறு வழியாக மெல்லிய ஊசியைப் பையில் செலுத்தி எடுத்தார்கள். கேட்கவே பயங்கரம். அவன் காதில் குத்துகிற அளவுக்குக்கூடச் சத்தம் போடவில்லை.

மைக்ரோஸ்கோப்பில் சீழ் அணுக்களும் குச்சி மாதிரிக் கிருமிகளும் தெரிந்தன. மிச்சத்தை வளர்த்துப் பார்க்க அனுப்பினார்கள். முடிவு வர மூன்று நாள். அதுவரை ஒரு ஆன்டிபயாடிக் தொடங்கி, முடிவு வந்ததும் தேவைப்பட்டால் மாற்றலாம் என்றார். ஈ.கோலை என்று வந்தது. கொடுத்துக்கொண்டிருந்த மருந்தே அதைப் பிடிக்கும் என்றும் வந்தது. வலிக்காக நாமே எதையும் கொடுக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். மனிதருக்கான பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரு மாத்திரை போதும் சாவதற்கு. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சர்க்கரை இன்னும் ஏறும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் 'இவனுக்குச் சர்க்கரை இருக்கு' என்று நாம்தான் முதலில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் முழுதாகச் சாப்பிட்டான். இரண்டு யூனிட்டுக்குத் திரும்பினோம். எண்கள் 330, 290, 240 என்று இறங்கின. வீட்டில் எல்லோருக்கும் முகம் தெளிந்தது. பக்கத்து வீட்டு அண்ணன்கூட வந்து நோட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் காலை 96.

தொற்று நேரத்து ஆபத்து என்றால் எல்லோரும் நானூறைத்தான் நினைப்பார்கள். எனக்குக் கை நடுங்கியது தொண்ணூற்றாறைப் பார்த்துத்தான். கிருமி அடங்க அடங்க, எதிர்த் திசையில் இழுத்துக்கொண்டிருந்தவை விலகிவிடுகின்றன. மருந்து மறுபடி முழு பலத்தோடு வேலை செய்யும். வெள்ளிக்கிழமை ராத்திரி நான்கு யூனிட் என்று ஏற்றி, அதையே தொடர்ந்திருந்தால் இந்தக் காலை நமக்கு வந்திருக்குமா என்று தெரியாது. சர்க்கரை இறங்கினால் தள்ளாடும், நடுங்கும், வெறித்துப் பார்க்கும், வலிப்பு வரும். ஈறில் தேனோ குளுகோஸ் கரைசலோ தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன பாட்டில் தேன் ஃபிரிட்ஜ் மேல் எப்போதும் இருக்கிறது. யாரும் அதைத் தொட மாட்டார்கள், மாமா பேரனைத் தவிர.

டாக்டர் இந்த முறை போனை எடுத்தார். "ஊசி போடாதீங்க. சாப்பாடு வைங்க, ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க." சாப்பிட்டான். 168. ஒரு யூனிட் போடச் சொன்னார். அன்று பகல் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காது குத்தினோம். பாவம், அம்மா கையைப் பார்த்தாலே காதை மடக்கிக்கொண்டான். அன்றைக்கு எனக்கு ஒரு கருத்தரங்கு இருந்தது. போகவில்லை. அந்தத் தம்பி கேள்வி கேட்டது அதற்குப் பிறகுதான்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பூனை என்றால் பால் சோறு, தயிர் சோறு, மேலே கொஞ்சம் மீன். கருப்பனும் ஒன்பது வருடம் அதைத்தான் தின்றான். பூனை முழுக்க முழுக்கக் கறி தின்னும் பிராணி. சோற்றைக் குறைத்து, கறியையும் மீனையும் கூட்டினால், நோயின் தொடக்கத்தில் இன்சுலினும் சேர்ந்து, சில பூனைகள் ஊசியே வேண்டாத நிலைக்குத் திரும்புவது உண்டு. நாங்கள் மத்தி, கோழி, கொஞ்சம் ஈரல் வேகவைத்துத் தருகிறோம், உப்பும் வெங்காயமும் இல்லாமல். சாப்பாட்டை மாற்றுகிற வாரத்தில் ஊசியின் அளவும் குறைய வேண்டியிருக்கும், டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். முன்பு குடியிருந்த வீட்டில் இதெல்லாம் நடந்திருக்காது. "மீன் கீன் சமைப்பீங்களா?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே நாங்கள் இருந்தது பதினோரு மாதம். பூனைக்குக்கூட நாங்கள் தின்பதைத்தான் டாக்டர் எழுதிக் கொடுக்கிறார் என்று அம்மா இப்போது சிரிக்கிறார்.

கருப்பன் இப்போது ஒன்றரை யூனிட்டில் நிற்கிறான். அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்சு எல்லாக் கடையிலும் கிடைக்காது, இரண்டு மூன்று கடை ஏறி இறங்க வேண்டும். ஆன்டிபயாடிக் முடிந்துவிட்டது. சிறுநீர் சிவப்பாக இல்லை, டப்புக்கு ஒரு நாளில் மூன்று முறைதான் போகிறான். ஆனாலும் நீரிழிவு உள்ள பூனைக்கு வெளியே ஒன்றும் தெரியாமலே கிருமி உள்ளே இருக்கலாம் என்பதால், மறுபடி ஒருமுறை ஊசியில் எடுத்து வளர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வரும் வியாழக்கிழமை காலை போகிறோம். அன்றைய வாசிப்பு வட்டத்தை மதியம் மூன்றுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். எப்படியும் ஆறரைக்கு முடித்துவிட வேண்டும்.